பின்பக்கத்துப் பைலட்

மலஜலம் கழிப்பதைப் பற்றிப் பைலட் அளவுக்கு மரியாதையோடு பேசிய மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசும் விஷயத்தை அவர் கல்யாணத் தேதி குறிப்பதுபோல, குரலைத் தாழ்த்தி, கையைக் கட்டிக்கொண்டு பேசுவார்.

முகப்பேரில் எங்கள் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடுகள். தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடுத்த வீட்டில் மனைவி மல்லிகாவோடு குடியிருந்தார் பைலட். நான்தான் அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பைலட்டின் சொந்தப் பெயர் என்னவோ வாடகைப் பத்திரத்தில் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. நான்காம் மாடிக்குப் புதிதாக வந்த ஐ.டி. பையன் ஒருவன் இவர் மெய்யாகவே விமானி என்று நம்பி, எந்தெந்த விமானம் ஓட்டியிருக்கிறீர்கள் சார் என்று பவ்யமாகக் கேட்டிருக்கிறான்.

“எல்லா ப்ளேனு பின்னாடியும் ஓட்டிக்கீறேன் தம்பி” என்றாராம் பைலட்.

உண்மைதான். பத்தொன்பது வருஷம் விமான நிலையத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் டாய்லெட் வண்டி ஓட்டியவர் அவர். விமானம் வந்து நின்றதும் அதன் வாலடியில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு சின்ன மூடியைத் திறந்து, யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாயை மாட்டி, அத்தனை பேரும் ஆகாயத்தில் இறக்கிய பாரத்தைப் பூமியில் வாங்கிக்கொள்கிற வேலை. முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டார். வேலை அவரை விடவில்லை.

விமானத்திலிருந்து கழிவு வானத்திலேயே கொட்டப்படுகிறது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கண் சிவந்துவிடும். எங்கள் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஒருநாள் காலையில் தன் காரின் மேல் வெள்ளையாக ஏதோ கிடப்பதைக் காட்டி, இது போரூர்ப் பக்கம் தாழ இறங்குகிற விமானத்தின் வேலைதான் என்று கீழே நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பைலட் பல்குச்சியோடு வெளியே வந்தார். காரைச் சுற்றிவந்தார். குனிந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இது காக்கா சார்” என்றார். “ப்ளேனோடது நீலமா இருக்கும். அதுவும் கீழ வுழாது. பொட்டி மாதிரி தொட்டில பத்திரமா கீது. நாங்க எடுத்தாத்தான் உண்டு.”

அன்றிலிருந்து தலைவருக்கும் அவருக்கும் ஆகவில்லை.

இந்த நீலத்துக்கு ஒரு கதை உண்டு. மல்லிகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். விமானக் கழிப்பறையில் நாற்றம் வராமலிருக்க ஒரு நீல மருந்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு மத்தியானம், யாரோ ஒரு பயணி குழந்தையின் டயபரைச் சுருட்டிப் பீங்கானுக்குள் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அது எப்படியோ உள்ளே போய்க் கழிவுத் தொட்டியின் வாயில் அடைத்துக்கொண்டது. பைலட் குழாயை மாட்டித் திருகினார், வரவில்லை. தட்டினார், வரவில்லை. குழாயைக் கழற்றிப் பார்க்கலாம் என்று கழற்றியபோது மொத்தமும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. தலைமுதல் கால்வரை நீலம். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார், ஆனாலும் அவரைச் சுற்றி இரண்டு சீட்டுக்கு ஒருவரும் உட்காரவில்லையாம். அதைப் பார்த்துவிட்டு எழுந்து, முகப்பேர் வரை நின்றுகொண்டே வந்திருக்கிறார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காவது நாள் சாப்பிட்டு எழுந்ததும் மல்லிகாவிடம், ப்ளேன் ஏறுகிற ஜனங்களுக்கு யாராவது சொல்லித் தரணும் என்றாராம். யாராவது என்று அவர் தன்னையேதான் சொல்லிக்கொண்டார் என்று அந்த அம்மாளுக்கு அப்போது தெரியவில்லை.

எங்கள் பகுதியில் பேரப்பிள்ளை பார்க்க அமெரிக்கா போகாத பெற்றோர் குறைவு. பெட்டி வாங்கும் வாரத்திலேயே பைலட் வந்து காலிங்பெல் அடித்துவிடுவார். கதவை இழுக்கக் கூடாது, நடுவில் தள்ளினால் மடங்கும். தாழ் போட்டால்தான் விளக்கு எரியும். சீட்டின் மேல் குத்தவைத்து ஏறக் கூடாது. மூடியைக் கவிழ்த்துவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். கை துடைத்த காகிதம், நாப்கின், டயபர் எதுவானாலும் பக்கத்திலிருக்கும் தொட்டிக்குத்தான், பீங்கானுக்குள் காகிதம் என்று போனால் அது உள்ளே தொங்கும் சுருள் காகிதம் மட்டும். சாப்பாட்டு வண்டி வருமுன் போய்வந்துவிட வேண்டும், பெல்ட் விளக்கு எரிந்தால் எழுந்திருக்கவே கூடாது. இவ்வளவையும் காப்பி ஆறுவதற்குள் சொல்லி, நம்மைத் திருப்பிச் சொல்லவும் வைப்பார். நடுவில் தான் குழாயிலிருந்து எடுத்த பொருட்களின் பட்டியல் வரும். ஒரு கம்பளிச் சட்டை, ஒரு ஷாம்பு டப்பா, ஒரு முழுப் பல் செட். பல் செட் யாருடையது என்று யாரும் கேட்டு வரவில்லையாம். எப்படி வருவார்கள் என்று நான் கேட்டதற்கு, “வந்தா கழுவித் தந்திருப்பேன் மேடம்” என்றார். விளையாட்டாகச் சொன்னமாதிரி தெரியவில்லை.

அவருடைய பெரிய சோதனை காதர் பாய் ரூபத்தில் வந்தது. பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர், எழுபது வயது. எங்கள் குடியிருப்பில் பாதி மெத்தைகள் அவர் தைத்தவை. மனைவியோடு மக்காவுக்கு உம்ரா போக எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, நான் வரவில்லை, நீ மட்டும் போ என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர். மணிக்கொரு முறை போயாக வேண்டும். விமானத்துக் கழிப்பறை ஆளையே இழுத்துக்கொள்ளும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கவலை, அங்கே தண்ணீர் கிடையாதாமே என்பது. சுத்தமில்லாமல் எப்படித் தொழுவது, தொழமுடியாமல் எதற்குப் போவது என்று என்னிடம் கேட்டார். அந்த அம்மா முப்பது வருஷமாகக் காத்திருக்கிற பயணம் அது.

நான் பைலட்டிடம் சொன்னேன். அவர் அன்று ராத்திரி சாப்பிடாமல் யோசித்ததாக மல்லிகா சொன்னார்.

மறுநாள் காலையில் எங்கள் பைக் நிறுத்துமிடத்தில் ஒரு பெட்டி எழும்பத் தொடங்கியது. நான்காம் மாடியில் தூக்கிப்போட்ட அலமாரியின் பலகைகள், பழைய மடக்குக் கதவு, நோயாளிகள் உட்காரும் ஓட்டை நாற்காலி. மூன்றடிக்கு மூன்றடி, ஒரு விரற்கடை கூடவோ குறையவோ இல்லை. பொத்தானை அமுக்கினால் வரும் சத்தத்துக்கு என் வீட்டு வாக்குவம் கிளீனரை இரவல் வாங்கிப் போனார். பாய் வந்தார். உள்ளே போய்த் தாழிட்டு, வேட்டியோடு அடக்கமாக உட்கார்ந்து, பொத்தானை அமுக்கினார். பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்த பைலட் கிளீனரைப் போட்டார். அடுத்த நொடி பாய் கதவோடு வெளியே வந்தார்.

எல்லா பால்கனியிலும் ஆட்கள். தலைவர் அன்று மாலையே கூட்டம் போட்டார். குடும்பங்கள் வாழும் இடத்தில் நட்டநடுவில் கக்கூஸ் காட்சி நடத்துவது நாகரிகமா என்பது அவர் கேள்வி. செயலாளர் என்ற முறையில் நான் பைலட்டைக் கண்டிக்க வேண்டியவள், அந்தக் காட்சிக்கு வாக்குவம் கிளீனர் கொடுத்தவளும் நானே. தலையைக் குனிந்துகொண்டு நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். பைலட் எழுந்து நின்றார்.

“சார், ஒருத்தரு தப்பாப் போட்டா, முந்நூறு பேரு அஞ்சு மணி நேரம் அடக்கிகினு குந்தணும். அப்பால கீழ ஒருத்தன் அத்த கையால எடுக்கணும். சொல்லித் தர இங்க எடம் இல்லன்னா பரவால்ல. நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வாடகைக்கு எடுத்து, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, முகப்பேரிலிருந்து பூந்தமல்லி வரை தானே மிதித்துப் போனார், தேய்ந்த முட்டியோடு. வானகரம் சிக்னலில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி இது என்ன என்று கேட்டிருக்கிறார். பைலட் விளக்கியிருக்கிறார். காவலரின் மச்சினிச்சி மறுவாரம் மலேசியா போகிறாளாம். ஓரங்கட்டச் சொல்லி, முழுப் பாடத்தையும் கேட்டு, கதவை நடுவில் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாராம். இதில் எவ்வளவு மெய், எவ்வளவு பைலட் என்று எனக்குத் தெரியாது.

மெத்தைக் கடையின் பின்கட்டில் ஒன்பது நாள் பயிற்சி நடந்தது. பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் பெட்டி. சத்தம் பழகுவதற்கே மூன்று நாள் ஆனது. தண்ணீர்க் கவலைக்கும் பைலட் வழி சொன்னார். கைகழுவும் குழாயில் சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். நிதானமாகக் கழுவலாம். தரையில் சிந்தியதைக் காகிதத்தால் துடைத்துத் தொட்டியில் போடலாம். “பாட்டிலு உங்க கூட உள்ள போச்சின்னா, உங்க கூடயே வெளிய வரணும் பாய். அது ஒண்ணுதான் கணக்கு” என்றார். பாய் அந்தக் குறுகிய பெட்டிக்குள் ஒரு சொட்டு சிந்தாமல் எல்லாம் செய்யப் பழகினார். பத்தாம் நாள் விமானம் ஏறினார்.

பைலட் அன்று வேறு வேலை பார்க்கவில்லை. ஜெத்தாவிலிருந்து போன் வந்தபோது நானும் பைலட் வீட்டில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டார். பாய் சலாம் சொன்னார், வந்து சேர்ந்துவிட்டோம் என்றார், பிறகு பெருமை தாங்காமல், “அஞ்சு தபா போனேன் பைலட்டு” என்றார். திரும்பி வந்தபோது ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். அங்கே அல்லாவிடம் உங்களுக்காகவும் கை ஏந்தினேன் என்று அவர் சொன்னதும் பைலட் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

இவ்வளவும் ஊருக்குச் சொல்லித் தந்தவர், நிற்கிற விமானத்துக்குள் ஏறிப் பார்த்ததோடு சரி, ஒருமுறைகூடப் பறந்ததில்லை. அதற்கும் வேளை வந்தது. மகளுக்கு டெல்லியில் பிரசவம். மல்லிகா முன்னதாகவே ரயிலில் போய்விட்டார். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் மாப்பிள்ளை இவருக்கு விமான டிக்கெட் எடுத்தார். எனக்கும் அலுவலக வேலையாக டெல்லி போக வேண்டியிருந்ததால், மல்லிகா கேட்டுக்கொண்டபடி அதே விமானத்தில் நானும் ஏறினேன்.

கடைசி வரிசைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். ஜன்னல் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கழிப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவை இழுத்துப் போராடியவர்களுக்கு, நடுவுல தள்ளு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே வழிகாட்டினார். நான் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பாதி வழியில், பின்னாலிருந்த இரண்டு கழிப்பறைகளில் ஒன்று இழுக்கவில்லை. பொத்தான் அமுக்கினால் ஒரு முனகல், அவ்வளவுதான். பணிப்பெண் பூட்டுப் போட வந்தாள். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர், அதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி. பைலட் எழுந்தார். உட்காருங்கள் என்றாள் அந்தப் பெண். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். நீங்கள் இன்ஜினியரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

அதுவரை அவரோடு வந்தவள் இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்த நான் பத்திரிகையை மடித்துவைத்தேன். இவர் பத்தொன்பது வருஷம் இந்த வேலை செய்தவர், இந்த விமானத்தில் இதைப் பற்றி இவரைவிடத் தெரிந்தவர் கிடையாது என்று எழுந்து நின்று சொன்னேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கையுறையும் இரண்டு பிளாஸ்டிக் பையும் கொண்டுவந்து கொடுத்தாள். பைலட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று நிமிஷம். பிறகு பெரிய உறிஞ்சல் சத்தம் கேட்டது. முடிச்சுப் போட்ட பையோடு வெளியே வந்தார். யாரோ உள்ளே விட்ட தண்ணீர் பாட்டில், தொண்டையில் குறுக்கே நின்றிருக்கிறது. யாரும் கைதட்டவில்லை. கர்ப்பிணியை முதலில் விட்டார்கள், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் இன்னொரு கழிப்பறையில் நெடுநேரம் கை கழுவி, கழுவிய இடத்தையும் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டையில் ஒரு துளி இல்லை.

நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன். மீனம்பாக்கத்திலேயே முடித்துக்கொண்டுதான் ஏறினாராம். “கீழ நிக்கறவனுக்கு நம்மளால ஒரு ஆள் பாரம் கொறையட்டும் மேடம்.”

டெல்லியில் பின்பக்கப் படி வழியாக இறக்கினார்கள். நாங்கள் இறங்கும்போதே வாலடியில் வண்டி வந்து நின்றிருந்தது. நடுவயதுக்காரர் ஒருவர் தோளில் குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தார். எல்லோரையும் பஸ்ஸில் ஏறச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார்கள். பைலட் ஏறவில்லை. தனக்குத் தெரிந்த விமான நிலையத்து ஹிந்தியில், இடதுபக்கத்தில் பாட்டில் ஒன்று அடைத்திருந்தது, நான் எடுத்துவிட்டேன், இருந்தாலும் மெதுவாகத் திற என்று கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த மனிதர் வெள்ளைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

நானும் இந்த வேலைதான் என்றார் பைலட்.

அவர் குழாயைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். கையைப் பேன்ட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டினார். பைலட் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். பஸ்காரர் ஹாரன் அடிக்கிறவரை விடவில்லை.

இப்போது பைலட்டும் மல்லிகாவும் முகப்பேரில் இல்லை. குத்தம்பாக்கம் பக்கம் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போயிருந்தேன். மகளோடு டெல்லியிலிருந்து வந்திருந்த பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் குழந்தையை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இன்னா மேடம், எந்த ஊருக்குப் பயணம்?”

எந்த ஊருக்கும் இல்லை, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.