நீதிமன்றத்தைக் காப்பாற்ற அப்பா ஒளிந்த இடம்

வெர்மான்ட், 1857 நவம்பர்,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மெஹிடபெல் அத்தைக்கு லுக்ரீஷியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் ஆடுகளும் நலமென்று நம்புகிறேன். நான் நலமில்லை. போர்வைக்குள் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் தம்பி, என் அப்பா, மிஸ் பெல்நாப் நடத்தும் எங்கள் விடுதிப் பள்ளியின் ஆப்பிள் நிலவறையில் இருக்கிறார்.

நம் ஊர் நீதிமன்றத்தைப் பிடுங்கிப் பக்கத்து ஊரான கில்பிக்குக் கொடுக்கும் மசோதா இன்று சட்டசபையில் ஓட்டுக்கு வந்தது. போதிய உறுப்பினர்கள் இல்லாவிட்டால் ஓட்டெடுக்க முடியாது என்பதால் நம் பக்கத்தார் எல்லோரும் ஓடி ஒளிந்தார்கள். நள்ளிரவோடு கூட்டத்தொடர் முடிகிறது. அதற்குள் இன்னும் ஒருவர் அகப்பட்டாலும் எண்ணிக்கை நிறைந்துவிடுமாம். அந்த ஒருவர் மாலையில் பள்ளிச் சமையலறை ஜன்னலில் பாதி உடம்போடு மாட்டிக்கொண்டு, "மெதுவா இழு லுக்ரீ, மூணு தேர்தல்ல ஜெயிச்ச உடம்பு!" என்றார். ஏலம் போட்ட குரல், ஊர்க்கூட்டத்தில் கடைசி வரிசைவரை கேட்ட ஒரே குரல் என்பதால்தான் அவரைச் சபைக்கே அனுப்பினார்கள், உங்களுக்குத் தெரியாதா? "சத்தம் போடாதீங்கப்பா, மிஸ் பெல்நாப்புக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றேன். "நான் எங்கம்மா சத்தம் போட்டேன்?" என்று அவர் கேட்டதில் அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன. ஜெப நேரத்தில் கீழே தும்மினார். நான்தான் தும்மினேன் என்றேன், நெஞ்சில் கடுகுப்பற்று போட்டார்கள். பிறகு இருமினார், எனக்கு விளக்கெண்ணெய். அதன்பின் ஆப்பிள் பீப்பாய்களுக்கு நீதிமன்றத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கிவிட்டார். அதை எந்த நோயென்று சொல்ல?

இதோ, பன்னிரண்டு அடித்துவிட்டது. ஜெயித்துவிட்டோம், அத்தை! அப்பா வெளியே வந்து சமையலறையில் பாலாடைக்கட்டி தேடுவது மேலே என் படுக்கைவரை கேட்கிறது.

உங்களையும் உங்கள் ஆடுகளையும் கர்த்தர் இந்தக் குளிர்காலத்தில் காப்பாராக.

மருமகள்,
லுக்ரீஷியா

பி.கு.: மேலே எழுதியதை நம்பவேண்டாம். நான் சமையலறைக்கு இறங்கிப் போன நேரம், ஒளிந்த உறுப்பினர்களைத் தேடிப் பிடிக்கும் சபைச் சேவகர் வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார்.

"மணி பன்னிரண்டு ஆயாச்சுய்யா, இனி என்னைத் தொடாதே."

"சபையில இன்னும் ஆகலைங்க. ஏணி போட்டுக் கடிகாரத்தை நிறுத்தியாச்சு. நீங்க வந்து சேர்ற வரைக்கும் அங்க சனிக்கிழமைதான்."

போன வருஷம் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அப்பாதானாம்!

அப்போது இராத்தொப்பியும் விளக்குமாக மிஸ் பெல்நாப் வந்தார். நான் மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் ஒடுங்கினேன்.

"கடிகாரத்தை நிறுத்தினீங்க, சரி. ஞாயித்துக்கிழமையை யார் நிறுத்தினது? ஓய்வுநாள்ல என் கேட்டைத் தாண்டி வண்டி போகாது. திங்கக்கிழமை போகலாம்."

"அதுவரைக்கும் சபையில யாரும்மா இருப்பாங்க? விடிஞ்சா எல்லாரும் கோயிலுக்குப் போயிடுவாங்களே!" என்றார் சேவகர், அழாத குறையாக.

"நீங்களும் வாங்க. மூணு பிரசங்கம். ரெண்டு பேருக்கும் முதல் வரிசை." பிறகு பீப்பாயைப் பார்த்து, "லுக்ரீஷியா, போய்த் தூங்கு. உங்கப்பா வந்தது சாயங்காலத்துல இருந்தே இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றார்.

நீதிமன்றம் தப்பிவிட்டது, அத்தை. அப்பாதான் தப்பவில்லை.