செம்மறிக்கு ராத்திரி வெயில் வேண்டும் என்று நான் சொல்லவில்லை

'குர்ரபின் மெசஞ்சர்' பத்திரிகையின் மதிப்புக்குரிய ஆசிரியரும் என் அக்கா மகனுமான ஹாமிஷுக்கு, சித்தி நோலீன் எழுதுவது. நானும் உன் சித்தப்பா ராஸும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. மீதியை ஆசிரியராக இருந்து படி. அக்கா மகனாகப் படித்தால் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய்.

வானத்தில் பெரிய கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, இருட்டிய பிறகும் நம் வட்டாரத்துக்கு வெயிலைத் திருப்பிவிடப் போகிறார்கள், அதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர் டேமியன் க்ரோச் அறிவித்ததை உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, யாருடைய வயலிலோ நின்று ஆகாயத்தைக் காட்டும் படமும் இருந்தது. அதே வாரத்தில்தான் ராஸுக்கு நெஞ்சு வலித்தது. சாயங்காலம் ஏழு மணி. நம் ஊர் ஆஸ்பத்திரிக் கதவு பூட்டியிருந்தது, ஐந்து மணிக்கு மேல் மருத்துவர் இல்லை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த ஊருக்கு இரண்டு மணி நேரம் நானே வண்டி ஓட்டினேன். கங்காருக்கள் குறுக்கே பாய்கின்றன, பக்கத்தில் இந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "மெதுவாப் போ, டயர் புதுசு" என்கிறார். நல்லவேளையாக மாத்திரையோடு போயிற்று. வீட்டுக்கு வந்ததும் உங்கள் கண்ணாடிச் செய்தியைப் படித்தேன், அதன் கீழே கருத்துப் பகுதியில் இப்படி எழுதினேன்:

"அருமையான திட்டம். ராத்திரியும் வெயில் அடிச்சா செம்மறிக்குத் தூக்கம் வராது, சும்மா நிக்கிற நேரத்துல ரெண்டு மடங்கு கம்பளி வளர்த்துடும். அப்படியே ஆஸ்பத்திரிக்கு மேலயும் ஒரு கண்ணாடி போட்டீங்கன்னா சாயங்காலமே ஆகாது, டாக்டரும் வீட்டுக்குப் போகமாட்டார்."

இது கிண்டல் என்று அந்தச் செம்மறிக்கே தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை முதல் பக்கத்தில் 'கம்பளி இரட்டிப்பாகும்: உள்ளூர் வேளாண் நிபுணர் கணிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். நிபுணர் நான்தான். கால்நடை மருத்துவமனை வரவேற்பில் முப்பது வருஷம் தொலைபேசி எடுத்தவள், அதற்குமேல் எனக்கும் ஆட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆஸ்பத்திரி பற்றிய வரியை இடமில்லை என்று வெட்டிவிட்டு, அங்கே டிராக்டர் விளம்பரம் வைத்தீர்கள்.

பிறகு தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். "நான் கேலியா எழுதினேம்மா" என்றேன். அவள் கேமராவைப் பார்த்து, தன்னடக்கம் மிக்க நிபுணர் என்றாள். க்ரோச் என் வரியைச் சட்டசபையில் வாசித்தார். பக்கத்துப் பண்ணை ட்ரெவர் தன் ஆட்டுக் கொட்டிலில் விளையாட்டு மைதான விளக்குகளை மாட்டிவிட்டான், பாவம், ஆடுகள் விழித்துக்கொண்டு நிற்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறான்: "நோலீன், எத்தனை வாரத்துல வளரும்?"

"நக்கலுக்குச் சொன்னேன்டா. விளக்க அணை."

"புரியுது, புரியுது. வெளிய சொல்லக் கூடாதுன்னு கண்ணாடிக் கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்கியிருப்பான்."

உங்கள் இணையப் பக்கத்திலேயே மறுப்பு எழுதினேன். அதற்குக் கீழே ஒருவர், 'பாவம், மிரட்டிவிட்டார்கள்' என்று எழுதினார். இன்னொருவர், இப்படி ஒரு பெண்மணியே கிடையாது, எல்லாம் இயந்திரம் எழுதுவது என்றார். நான் இருக்கிறேன் என்று எழுதினேன். இயந்திரமும் அப்படித்தான் சொல்லும் என்று பதில் வந்தது. உன்னைக் கூப்பிட்டால் நீ, "சித்தி, இந்த வருஷம் அதிகம் பேர் படிச்ச செய்தியே அதுதான், இப்பப் போய் திருத்தம் போடச் சொல்றீங்களே" என்கிறாய்.

ஊர் மண்டபத்தில் க்ரோச் கூட்டம் போட்டபோது நீ வரவில்லை, புகைப்படக்காரரை மட்டும் அனுப்பினாய். ஆகவே நடந்ததை நானே சொல்கிறேன். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, மைக்கைக் கொடுத்தார். ஒரு சொல்கூடக் கிண்டலாகப் பேசுவதில்லை என்று தீர்மானித்துவிட்டுத்தான் எழுந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

"நான் நிபுணர் இல்ல. எழுதினது கேலி. ராத்திரி டாக்டர் எப்ப வருவார்?"

மண்டபமே சிரித்தது. "நம்ம நோலீனுக்குக் குறும்பு ஜாஸ்தி" என்று க்ரோச்சும் சிரித்துவிட்டு, கண்ணாடியின் அகலத்தைப் பற்றிப் பேசினார். பேசி முடித்தபோது நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். "ராத்திரி டாக்டர் எப்ப வருவார்?" என்றேன். நிதி என்றார், குழு என்றார், பரிசீலனை என்றார். அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் அதையே கேட்டேன். பின்னால் யாரோ "உக்காரும்மா" என்றார்கள். அப்போது ராஸ், இத்தனை வருஷத்தில் பொது இடத்தில் வாயே திறக்காத மனுஷன், "உக்காராத நோலீன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது.

பிறகு ட்ரெவர் எழுந்தான். "அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். ராத்திரி வலி வந்தா நான் எங்க போறது?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியாகப் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. க்ரோச் தொப்பியைக் கழற்றினார். தொலைக்காட்சிக் கேமராவும் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. மாத முடிவுக்குள் இரவு மருத்துவர் வருவார் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும். முதல் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் போட வேண்டியது இது: 'நோலீன் டாகெட் நிபுணர் அல்ல. அவர் எழுதியது கேலி. வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கம்பளி அதே கம்பளிதான்.' இந்த வியாழக்கிழமை வராவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் மடக்கு நாற்காலியோடு உன் அலுவலக வாசலில் வந்து உட்காருவேன். யார் வந்து கெஞ்சினாலும் எழுந்திருக்க மாட்டேன்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உன் பத்திரிகை செழிக்கட்டும், அவ்வப்போது உண்மையையும் அச்சிடட்டும்.

கொஞ்சமும் மனம் மாறாத உன் சித்தி,
நோலீன் டாகெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டினார்கள். புது இரவு மருத்துவர், பெயர் வீலன், பிரிஸ்பேனிலிருந்து ஊர் பார்க்க வந்திருக்கிறார். ராஸின் நாடியைக் கேட்காமலேயே பிடித்துப் பார்த்தார், அருமையான மனிதர். "இருபது வருஷமா ராத்திரி டியூட்டி, வெயிலையே பாத்ததில்ல" என்றார். "ராத்திரியும் வெயில் அடிக்கப்போற ஊர்னு உங்க கணிப்பப் படிச்சதும் உடனே விண்ணப்பிச்சுட்டேன். எப்ப வருது?" நான் ராஸைப் பார்த்தேன். ராஸ் கூரையைப் பார்த்தார். அடுத்த வருஷத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ஹாமிஷ், திருத்தம் வேண்டாம். அவர் வீடு வாங்கி, பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்க்கும் வரையாவது நான் நிபுணராகவே இருந்துவிட்டுப் போகிறேன்.