இரண்டடி எட்டாத பார்வை

மண்டபத்தில் இடம் இல்லை. வாசலிலும் இல்லை. ஒருவர் பக்கத்துப் பல் மருத்துவர் வாசலில் காரை நிறுத்திவிட்டு, யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். அத்தனை கூட்டமும் ஒரு மனிதர் முறைப்பதைப் பார்க்க வந்தது. ஆமாம், முறைப்பதைத்தான்!

அவருக்குப் பெயர் பார்வைப் பேராசிரியர். எந்தக் கல்லூரியில் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை இல்லையாம். மேடையில் கம்பளம், அதன்மேல் ஒரு மேசை, மேசையை ஒட்டி அவர் நாற்காலி, மேசைமேல் ஒரு பெட்டி. உள்ளே சிவப்பு லேசர் விளக்கு, அதன் முன் இரண்டு மெல்லிய பிளவுகள். ஒளி இரண்டின் வழியாகவும் அலையாகப் புகுந்து, எதிர்த் திரையில் வரிவரியாக விழும். "எல்லாரும் திரையையே பாருங்க!" என்பார். பிறகு முறைப்பார். வரிகள் பொசுக்கென்று மறையும். மண்டபம் வாயைப் பிளக்கும்.

"குவாண்டம்!" என்பார். "மனசு பார்த்தா அலை அடங்கிடும். உங்க சர்க்கரை ஒரு அலை. மூட்டுவலி ஒரு அலை. வீட்டுக் கடன்கூட ஒரு அலைதான்!"

வங்கிக்காரர்களுக்கு மட்டும் இது இன்னும் தெரியவில்லை.

என் அக்கா முன்வரிசை. சர்க்கரை நோய்க்காரி. பேராசிரியர் முறைத்த நாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். கடல் கடந்து வேலை பார்க்கிற அவள் மகனுக்கு முதுகுவலி என்றதும், அவர் இங்கிருந்தபடியே அவன் புகைப்படத்தை முறைத்துக் குணமாக்கினாராம். அவன் அதே வாரம் புது மெத்தை வாங்கியதை அக்கா கணக்கில் எடுக்கவில்லை.

"இதெல்லாம் பித்தலாட்டம் அக்கா" என்றேன்.

"போடா! அவர் கட்டுரை பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போயிருக்கு. உலகத்துப் பெரிய விஞ்ஞானிங்க அதைப் படிச்சுக்கிட்டு இருக்காங்க. பொய்யா இருந்தா படிப்பாங்களா?"

பத்திரிகைக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அச்சிடுமுன், துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தேறுமா என்று பார்ப்பார்கள். அவர் யார் என்பது ரகசியம். நம் ஜனங்களோ, தேர்வு எழுத உட்கார்ந்தவனுக்கே பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா சொன்ன உலகத்துப் பெரிய விஞ்ஞானி அந்த நேரம் எங்கள் சமையலறையில் குக்கர் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி. பல்கலைக்கழகத்தில் குவாண்டம் இயற்பியல் நடத்துகிறவள். கட்டுரை வந்த அன்றே, "என் நாத்தனார் இவருடைய பக்தை, நான் மதிப்பிடுவது முறையா?" என்று பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். "மற்ற எல்லோரும் மறுத்துவிட்டார்கள், நீங்களே பாருங்கள்" என்று பதில் வந்தது. இதை எனக்கும் சொல்லக் கூடாதுதான். ஆனால் படிக்கும்போதே அவள் தலையில் அடித்துக்கொண்டால் எனக்குத் தெரியாதா?

அவள் எழுதினாள்: "இது மெய்யென்று காட்டினால் இயற்பியலையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். காட்டவில்லை. பார்ப்பவர் மேசையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சோதனையைத் திரும்பச் செய்யட்டும்."

அந்த மதிப்பீடு, அவள் பெயர் இல்லாமல், பேராசிரியருக்கும் போனது. அடுத்த வாரம் மண்டப வாசலில் பேனர்: "இயற்பியலையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்! சர்வதேச மதிப்பீட்டாளர் வியப்பு!" மனைவி பல்லைக் கடித்தாள். வாயைத் திறக்க விதி இடம் தரவில்லை.

அன்று மாலை அக்கா எங்கள் வீட்டு மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை எங்கோ எகிறிக் கிடந்தது. இந்த வேடிக்கை என் அக்காவைக் கொன்றுவிடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாத்திரை போடுங்க அண்ணி" என்றாள் மனைவி.

"போட்டா அலை குழம்பிடும்மா."

"மண்டபத்துல அத்தனை பேரும் திரையைத்தானே பார்க்கறீங்க? வரி ஏன் மறையல?"

"எங்க பார்வைக்கு அந்தச் சக்தி ஏது?"

"இயற்பியல்ல பார்க்கிறதுன்னா முறைக்கிறது இல்ல அண்ணி. ஒளி எந்தப் பிளவு வழியா போச்சுன்னு ஒரு கருவி பதிஞ்சாலே போதும். ஆளே இல்லாத அறையிலயும் வரி போயிடும். கருவிக்கு மனசா இருக்கு?" அக்கா மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்தாள். "சரி, அவரை ரெண்டடி தள்ளி உட்கார்ந்து முறைக்கச் சொல்லுங்க. வரி மறைஞ்சா நானும் முன்வரிசைக்கு வர்றேன். மறையலேன்னா நீங்க மாத்திரை போடணும்."

"இவ்வளவுதானா? தோத்துட்டு அழக் கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அக்கா எழுந்து நின்றாள். "ஐயா, நாற்காலியை ரெண்டடி பின்னால போட்டுக்குங்க. என் தம்பி பொண்டாட்டி வாயை அடைக்கணும்!"

பேராசிரியர் சிரித்தார். சிரிப்போடு வியர்வையும் வந்தது. "அம்மா, சந்தேகப்படறவங்களுக்காகச் செஞ்சா பார்வை பலிக்காது."

"நான் எங்கே சந்தேகப்பட்டேன்? நான் நம்பறேன்! கடல் தாண்டி என் மகன் முதுகு வரைக்கும் போன பார்வை, ரெண்டடி போகாதா?"

"தள்ளி உட்காருங்க ஐயா!" என்று கத்தினார் பல்வலிக்காரர், கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு.

வேறு வழியில்லாமல் தள்ளி உட்கார்ந்தார். முறைத்தார். கண் பிதுங்க முறைத்தார். வரிகள் அப்படியே இருந்தன.

அக்காவுக்கு அவர்மேல் பாவமாகிவிட்டது. மேசையையாவது அவர் பக்கம் நகர்த்தலாம் என்று மேடை ஏறிக் கம்பளத்தில் கால் வைத்தாள். பொசுக்! வரிகள் போயின. காலை எடுத்தாள். வந்தன. வைத்தாள். போயின.

"ஐயோ, எனக்கும் சக்தி வந்துடுச்சா?" என்றாள். அடுத்த நொடியே அவள் முகம் மாறியது. குனிந்து கம்பளத்தைத் தூக்கினாள். கீழே ஒரு மிதிகட்டை. அதிலிருந்து மேசைக்கால் வழியாகப் பெட்டிக்குள் ஒரு கம்பி. மிதித்தால் ஒரு தகடு வந்து ஒரு பிளவை மூடும். ஒரு பிளவை அடைத்துவிட்டால் வரி எங்கிருந்து வரும்?

"அது... துணைக் கருவி" என்றார் பேராசிரியர், பின்வாசலைத் தேடியபடி.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்காமலே மாத்திரையை விழுங்கினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஏம்மா, அந்தப் பெரிய விஞ்ஞானி இதைக் கண்டுபிடிச்சிருப்பாரா?" என்று மனைவியைக் கேட்டாள்.

"தெரியலையே அண்ணி" என்றாள் விஞ்ஞானி, குக்கரைத் திறந்தபடி. கட்டுரை நிராகரிக்கப்பட்டது.

கூட்டத்தில் சிலர் இன்னும், "மிதிகட்டைதான் போலி, பார்வை நிஜம்" என்கிறார்கள். அவர்களைத் திருத்த என்னால் ஆகாது. உங்களுக்குச் சொல்கிறேன். திரையையே பாருங்கள் என்று ஒருவர் சொன்னால், நீங்கள் அவர் காலைப் பாருங்கள். விழுவதற்கு அல்ல, அது எதை மிதிக்கிறது என்று தெரிந்துகொள்ள.