குண்டின் ஆழம் அளந்த தட்சிணாமூர்த்தி

வேலையைத் தொடங்காமலேயே களைத்துப்போகிற மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோசை வார்க்கச் சொன்னால், கல்லின் சூட்டைச் சோதித்துச் சோதித்தே மாவைப் புளிக்கவிடுவார்கள். அந்த இனத்தின் கடலூர்க் கிளைக்குத் தலைவர், செயலாளர், ஒரே உறுப்பினர் எல்லாமே செம்மண்டலம் தட்சிணாமூர்த்திதான்.

கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். இவர் மில்லிமீட்டரையும் பத்தாகப் பிரித்து அளக்கும் வெர்னியர் கருவியை வைத்திருப்பார். பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கப் போனவர், முள்ளுக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளியை அளக்க ஆரம்பித்தார். கடைக்காரம்மா சாக்கைப் போட்டுப் பழத்தை மூடிவிட்டாள்.

இப்படிப்பட்டவர் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ரைஃபிள்தான். உளுந்து மாதிரி இருக்கிற ஈயக் குண்டைக் குழலின் பின்வாயில் வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, மூடிச் சுட வேண்டும். ஊரே அப்படித்தான் சுடுகிறது. தட்சிணாமூர்த்தியோ குண்டை வைப்பார், ஆழம் அளக்கும் வெர்னியரின் வால் கம்பியை உள்ளே விட்டு, குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், ஊசியால் நெம்பி எடுப்பார், துடைப்பார், ஊதுவார், மறுபடி வைப்பார். சுடுவாரா? அதற்குள் போட்டி முடிந்துவிடும்.

கிளப் செயலாளர் ராஜ்கமலுக்குப் பொறுமை போய்விட்டது. சிதம்பரம் போட்டியிலும் சுடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தட்சிணாமூர்த்திக்கு அது லேசான விஷயமில்லை. முதுநகரில் கிளப் வாசல் பலகையில் அவர் பெயரும் எழுதியிருக்கிறது. வீட்டுக்கு எந்த உறவினர் வந்தாலும், காபி கொடுக்கிறாரோ இல்லையோ, அந்தப் பலகையைக் காட்டாமல் அனுப்பமாட்டார்.

சிதம்பரத்தில் போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கூடத்தில். முன்னால் முகூர்த்தம், பின்னால் துப்பாக்கி. கண்காணிப்புக்கு மனைவி பவானியும் கூடவே வந்திருந்தாள்.

"சும்மா வெச்சி அழுத்திட்டு சுடுங்களேன்."

"அரை மில்லி ஜாஸ்தியா உள்ள போனா வேகமே மாறிடும். ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

மணி அடித்தது. எல்லாரும் சுட ஆரம்பித்தார்கள். இவர் அளக்க ஆரம்பித்தார். கெட்டிமேளம் முழங்கியதில் வெர்னியர் நடுங்கியது. நிற்கட்டும் என்று காத்திருந்தார். தாலி ஏறியது. பந்தி போட்டார்கள். சாம்பார் வாசனை வந்து, ரசம் வாசனை வந்து, மோர் ஊற்றுகிற கட்டத்தில் அவர் முகம் மலர்ந்தது. குண்டு அச்சாக உட்கார்ந்துவிட்டது! மூடினார். துப்பாக்கியைத் தூக்கினார். முடிவு மணி அடித்தது.

"டைம் முடிஞ்சிடுச்சி மாமா" என்றார் ராஜ்கமல்.

"இப்பதான்யா கரெக்டா ஒக்காந்திச்சி..."

"உள்ள குண்டோட எடுத்துட்டுப் போவக் கூடாது. அட்டையப் பாத்து ஒண்ணு விட்டுக் காலி பண்ணிட்டு வாங்க."

பலகையும் பெயரும் கண்முன் கரைந்தன. அவமானத்தில் கண் கலங்கி, சரியாகக் குறிகூடப் பார்க்காமல் விசையை இழுத்தார். டப்!

நட்ட நடு மையம். பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். கணக்கில் சேராத குண்டு, கண்ணீரோடு சுட்ட குண்டு, மையத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இனிமேலாவது இந்த மனுஷனுக்குப் புத்தி வரும் என்று பவானி சந்தோஷப்பட்டாள், பாவம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? அளந்ததாலதான்!"

அடுத்த வாரம் பெயிண்டர் வந்து பலகையில் அவர் பெயரை அழித்தார். தட்சிணாமூர்த்தி பக்கத்திலேயே நின்றார். பெயர் போகிற துக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும், பெயர் போன இடத்தால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடைவெளி கோணலாகிவிட்டதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. பெயிண்டரை நிறுத்திவிட்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நடைப்பயிற்சிக்கு எந்த ஷூ நல்லது என்று மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து வாங்கினீர்களே, அது பெட்டியைவிட்டு வெளியே வந்ததா? அவசரமில்லை. கால் அளவை இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள்.