நீ வர வேண்டாம், கணினி எழுந்துவிட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் அத்தான் மூவரும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதைப் படித்து முடித்த பிறகு சொல், நடுவில் சொன்னால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி நீ கிளம்பி வர வேண்டாம். லீவு கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. கணினி எழுந்துவிட்டது. நானே எழுப்பினேன்.

இதைப் போனில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே "சரி சரி, புரியுது" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தைப் பார்த்து நீ அப்படிச் சொன்னாலும் எனக்குக் கேட்காது என்பதால் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய பென்டிரைவும் அதோடு மடித்து வைத்திருந்த தாளும் பத்திரமாக வந்துசேர்ந்தன. பழைய கணினி இழுத்துக்கொண்டு கிடக்கிறது, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும், பதினாலே படி, குழந்தைகூடச் செய்துவிடும் என்று தாளின் மேலேயே எழுதியிருந்தாய். உனக்குத் தெரியும், என் பிழைப்பே இதுதான். வாஷிங் மெஷினோ வாட்டர் ஹீட்டரோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு புத்தகம் கிடக்குமே, யாரும் பிரித்தே பார்க்காமல் அலமாரிக்கு அடியில் தள்ளுவார்களே, அதைத் தமிழில் எழுதிக்கொடுப்பவள் நான். அந்தக் கண்ணோடு உன் தாளைப் பார்த்தேன். தம்பி, வருத்தப்படாதே. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் குறைந்தது ஆறு படிகளைக் காணோம். ஏழாம் படியில் "இங்கே வழக்கம்போல் செய்யவும்" என்று இருக்கிறது. யாருடைய வழக்கம்? ஒன்பதாம் படியில் "இனி எல்லாம் தானாக நடக்கும், அவசரப்படாதே" என்று இருக்கிறது. பதினாலாம் படி, "எண்டரைத் தட்டு, முடிந்தது". இந்த இரண்டு வாக்கியங்களும்தான் எங்களை ஒரு வாரம் ஆட்டிவைத்தன.

ஏனென்றால் தட்டினேன், முடியவில்லை. பென்டிரைவை எடுக்கச் சொன்னது, எடுத்தேன். எண்டர் கேட்டது, கொடுத்தேன். திரை கருத்து, நடுவில் அழகாக ஒரு சின்னம் வந்து, அதன் கீழே சின்னதாக ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நாலு சுற்று சுற்றியது. ஐந்தாவது சுற்றில் பாதியில் நின்றுவிட்டது. முதல் தடவை கண் விழிக்கும்போதே இப்படி. எனக்கு உன் ஒன்பதாம் படி ஞாபகம் வந்தது. சரி, தானாக நடக்கும், அவசரப்படக் கூடாது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாதி வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் நான் மவுஸை அசைத்துப் பார்க்கப் போனேன். "அது பாட்டுக்கு ஏதோ வேலை பண்ணிட்டிருக்கு, கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று அம்மா அதட்டினாள். உன் கையெழுத்தில் எழுதியிருப்பதை மீற அவளுக்கு மனம் வராது.

அப்புறம் உனக்குப் போன் செய்தேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்துகொண்டு "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுக்கா" என்றாய். இருபது வருஷமாக நான் எல்லா இயந்திரங்களுக்கும் இதே வரியை எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன். அதை எனக்கு யாராவது சொல்லும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஃப் செய்தேன், ஆன் செய்தேன், நாலரைச் சுற்று. மறுபடி இன்ஸ்டால் பண்ணு என்றாய். பண்ணினேன், நாலரைச் சுற்று. இன்னொரு தடவை பண்ணு என்றாய், அதையும் பண்ணினேன். பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கு எரிகிறதா என்று கேட்டாய். எரியவில்லை என்றேன். அங்கே ஆபீஸில் நானூறு சர்வர் கணினிகளைக் கட்டி மேய்க்கிற நீ, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கிட்ட நல்லா ஓடுதேக்கா" என்றாய். எனக்கு அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது சொல். கடைசியில், "பதினெட்டாந்தேதி நானே நேர்ல வந்து பாத்துடறேன். அதுவரைக்கும் நீ ஒண்ணையும் தொடாதே" என்று வைத்துவிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலையில் முன் அறையின் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். தூசி என்றாள். அதற்கு அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு தலையணை வாங்கி வந்தாள். வீட்டில் இருக்கிற தலையணை எல்லாம் தட்டையாகிவிட்டதாம். எனக்குத் தெரிந்து நம் வீட்டில் யாரும் யாரையும் "வா" என்று கூப்பிட்டதில்லை, கவனித்திருக்கிறாயா? அப்பா இருந்தபோதுகூட, சித்தப்பாவைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் மின்விசிறி சத்தம் போடுகிறது என்றுதான் சொல்லி அனுப்புவார். சித்தப்பாவும் ஸ்க்ரூடிரைவரோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். நீ கடைசியாக வந்தது சமையலறைக் குழாய்க்கு. அதற்கு முன்னால் வந்தது வாசல் பூட்டுக்கு. குழாய்க்கு வந்தே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்.

இதற்கு நடுவே உன் அத்தான் வைத்தியத்தில் இறங்கினார். பிசியோதெரபிஸ்டுக்கு எதைப் பார்த்தாலும் முதுகாகத்தான் தெரியும். பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்து, "சூடு இருக்கு. ஒரே நிலையில நாள் முழுக்க நின்னா யாருக்கும் பிடிச்சுக்கும்" என்றார். சொன்னதோடு விட்டாரா? பெட்டியை மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடியில் முட்டுக்கொடுக்க அந்தப் புதுத் தலையணையை எடுத்து வைத்தார். அம்மா குளித்துவிட்டு வந்து பார்த்தாள். இந்த வீட்டுக்கு மருமகனாக வந்த இத்தனை வருஷத்தில் அவரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. தலையணையை உருவி எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டி தடாலென்று தரையில் உட்கார்ந்தது. ஒன்றும் ஆகவில்லை, அதாவது நாலரைச் சுற்று குறையவும் இல்லை கூடவும் இல்லை. அத்தான் மட்டும் இரண்டு நாள் எனக்குத் தன் கிளினிக் லேப்டாப்பைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அதில்தான் வாட்டர் ஹீட்டர் புத்தகத்தை முடித்துக்கொடுத்தேன்.

திருப்பம் வந்தது கீழ் வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கால். எங்கள் ஏணி அவரிடம் நாலு மாதமாக இருந்தது. அதைத் திருப்பித்தர வந்தவர், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். என்ன மேடம் என்று கேட்க, நானும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எந்த மாடியில நிக்குது?"

எனக்குப் புரியவில்லை. லிஃப்ட் நின்றுபோச்சு என்று எல்லாரும் போன் செய்வார்களாம், எந்த இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது என்று ஒருவரும் பார்த்துச் சொல்லமாட்டார்களாம். "கதவை மூடிக்கிட்டு உள்ள பாட்டு போட்டா எங்க நிக்குதுன்னு எப்படித் தெரியும்? இந்தச் சுத்துற வட்டம் பாட்டு மாதிரிதான். அதை நிறுத்துங்க, கதவைத் திறங்க" என்று சொல்லிவிட்டு, ஏணியைச் சுவரில் சாத்தாமல் மறுபடியும் எடுத்துக்கொண்டே போய்விட்டார். அது இன்னமும் அவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் தம்பி, அந்த மனிதர் சொன்னது சரி. போனில் தேடிப் படித்தேன். ஆன் செய்ததும் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வருகிறது. அங்கே ஆங்கில 'இ' எழுத்தைத் தட்டினால், கணினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்திருக்கும் வரி ஒன்று தெரிகிறது. அந்த வரியின் கடைசியில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று, சத்தம் போடாதே என்கிறது. மற்றது, படத்தைக் காட்டு என்கிறது. நம் குடும்பமே அந்த இரண்டு சொற்களில் ஓடுவதுதானே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் அழித்துவிட்டுத் தொடங்கினேன். சின்னமும் இல்லை, வட்டமும் இல்லை. வெள்ளை வெள்ளையாக வரிகள் கொட்டின, கொட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றன. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அதே வரி. அது திரைக்குப் படம் அனுப்பும் அட்டையைப் பற்றிய வரி. அந்த அட்டை, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ எங்களோடு இருந்த வருஷத்தில், விளையாட்டு விளையாட வேகம் போதவில்லை என்று நீயே வாங்கி மாட்டியது. நானூறு சர்வர் பார்ப்பவனுக்கு அது தோன்றவே இல்லை பார்.

அட்டையைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். "அது அவன் மாட்டினது" என்றாள் அம்மா. அவ்வளவுதான், ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டேன். மறுபடி தேடினேன். எங்கோ ஒருவருக்கு அதே அட்டை, அதே வரி, அதே புலம்பல். அவருக்கு யாரோ ஒரு புண்ணியவான் பதில் எழுதியிருந்தார்: கணினி சொல்லிக்கொண்டு எழுந்திருக்கும் அந்த முதல் வரியின் கடைசியில் ஒரே ஒரு சொல்லைச் சேர். அந்தச் சொல் xxxxxxxxx. ஒன்பதே எழுத்து. அட்டையின் தயவு இல்லாமலே எழுந்திரு என்று அர்த்தமாம். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அம்மா பின்னால் நின்று என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிகள் கொட்டின, அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கின, தாண்டின. திரை முழுக்க ஒரு மலையும் ஏரியும் வந்தன. மவுஸ் அசைந்தது. நான் ஆசைப்பட்டு கேப்ஸ் லாக்கைப் பத்துத் தடவை தட்டினேன், விளக்கு பத்துத் தடவையும் எரிந்தது.

இப்போதைக்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்தச் சொல்லைத் தட்டவேண்டும். நிரந்தரமாகப் பதியவும் வழி இருக்கிறது, நிதானமாகச் செய்துகொள்கிறேன். அதுவரை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

அம்மா மலையையும் ஏரியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அப்போ பதினெட்டாந்தேதி?"

"அவன் வர வேண்டிய அவசியமே இல்லம்மா."

"ம்" என்றாள். காய்ந்த திரைச்சீலைகளை எடுத்து மடித்தாள். மாட்டவில்லை, மடித்து அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான், அவள் வேறொன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. நானும் நினைத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு காரியத்தைத் தானே செய்து முடித்தால் சந்தோஷமாகத்தானே இருக்கும்? இருக்கிறது. நீயும் அங்கே வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உட்கார்ந்த இடத்திலேயே இருக்காமல் நடுநடுவே எழுந்து நடக்கச் சொல்கிறார் உன் அத்தான். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. எழுதச் சொன்னாளா என்று கேட்காதே, அவள் அதையெல்லாம் சொல்லமாட்டாள். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: எழுதி மூன்று நாளாகிறது, உறை வாங்கத்தான் தாமதம். இன்று காலை கணினியை ஆன் செய்யப் போனால் திரை ஓரத்தில் டேப் மட்டும் இருக்கிறது, தாளைக் காணோம். அம்மாவைக் கேட்டேன். "எந்தத் தாள்?" என்றாள். வீட்டுக்குள் இருக்கும்போதே கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போதுதான் அந்தச் சமையலறைக் குழாயும் வாசல் பூட்டும் எப்படிக் கெட்டுப்போயின என்று ஒரு சந்தேகம் வந்தது. கைப்பையைத் திறக்கச் சொல்லியிருக்கலாம். அதைவிட, ஒன்பது எழுத்து, எனக்கே மனப்பாடமாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், மறந்துபோய்விட்டது. மேலே ஓர் இடத்தில் அதை எழுதியிருந்தேன், இப்போது அடித்துவிட்டேன். பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கும், தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. போனில் சொல்லித்தருகிறேன் என்றும் கிளம்பாதே, எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. திரைச்சீலைகளை மாட்டியாகிவிட்டது. ஏணி இல்லாததால் நான்தான் நாற்காலி மேல் ஏறி மாட்டினேன், அம்மா கீழே பிடித்துக்கொண்டாள். என் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் எழுதுவேனே, அதை உனக்கும் எழுதுகிறேன்: பழுது நீடிக்கிறது. மாட்டியவரே நேரில் வந்து பார்க்கவும்.