ஹார்ட் டிஸ்க்குக்கு ஆயுதபூஜை

திண்டிவனம்
9.10.2014

மஸ்கட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை மணிமாறன் அவர்களுக்கு, மாமனார் சக்கரபாணி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை கிளியம்மாள், மகள் காயத்ரி, பேத்தி தமிழ்மொழி எல்லோரும் சுகம். உங்கள் ஹார்ட் டிஸ்க் மட்டும் சுகமில்லை. போனில் சொல்ல முடியாது. காயத்ரி காதில் விழுந்தால் வீடு இரண்டாகிவிடும். அதனால்தான் கடிதம்.

போன லீவில் அதை மோடத்தின் முதுகில் சொருகி, "மாமா, இனிமே யாரு வேணா எந்த ரூம்ல இருந்து வேணா பாக்கலாம்" என்றீர்களே, அந்த 'யாரு வேணா'வில்தான் முதல் அதிர்ச்சி. பேத்தி குப்புற விழுந்தது, பல் முளைத்தது, முதலடி வைத்தது எல்லாவற்றையும் காயத்ரி போனில் படமெடுத்து, டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லை என்று அழித்துவிடுவாள். பொங்கலுக்கு வந்து நீங்கள் பார்ப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். ஒருநாள் மாடியில் குடியிருக்கும் பிரேம்குமார் இறங்கி வந்து, "பாப்பா நடக்குறது சூப்பருங்க சார். நீங்க துண்டக் கட்டிக்கினு ஆடுனீங்களே, அத நானும் எம் பொண்டாட்டி அம்சாவும் நாலு வாட்டி பாத்தோம்" என்கிறான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படியடா பார்த்தாய் என்றால், "உங்க வைஃபைலதாங்க, டிஸ்க்கு பூட்டே இல்லாம தொறந்து கெடக்குது" என்கிறான். வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தது யார் என்று பார்த்தால் உங்கள் அத்தை, வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை கொடுப்பதுபோல் மாடிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். குளித்துவிட்டு வந்த கோலத்தில் குழந்தையைச் சிரிக்கவைக்க ஆடியதை ஊரே பார்ப்பதா? ஐப்பசி பிறப்பதற்குள் காலி செய் என்று சொல்லிவிட்டேன். "புள்ளத்தாச்சிப் பொண்ண வூடு மாறச் சொல்றீங்களே, நீங்கல்லாம் மனுசனா?" என்று கேட்டதோடு சரி, அத்தை என்னிடம் பேசுவதில்லை.

அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆயுதபூஜை வந்தது. நான் பஸ் பணிமனையில் ரிஞ்ச் பிடித்தவன், கழுவாத வண்டிக்குப் பொட்டு வைத்துப் பழக்கமில்லை. அரிவாள்மனை, ஸ்பேனர் எல்லாம் கழுவியாயிற்று. உங்கள் டிஸ்க்கை மட்டும் விட்டால் மாப்பிள்ளை பொருளுக்கு மரியாதையில்லை என்று ஆகிவிடாதா? வெடுக்கென்று பிடுங்கி, ஈரத்துணியைப் பிழியாமல் நன்றாகத் துடைத்தேன். விளிம்பில் வாகாக ஒரு பள்ளம் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அதிலேயே அப்பி, குங்குமமும் வைத்தேன். மறுநாள் ஒயர் உள்ளே போகாமல் அடம்பிடித்தது. அழுத்திச் சொருகினேன். உள்ளே பல்லி கத்துவதுபோல் டக் டக்கென்று சத்தம், பிறகு அதுவும் நின்றுவிட்டது. விழுப்புரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க பெரியவரே, ஓட்டைல சந்தனம், உள்ள தண்ணி! இனிமே இத வச்சிக்கினு பூஜதான் பண்ணலாம். உள்ள இருந்ததெல்லாம் போச்சு" என்றார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தி நடந்ததைப் பார்க்க ஆசையாக வருகிற உங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? ஆனாலும் பூட்டுப் போடாமல் கொடுத்தது உங்கள் தப்பு, சொல்லிவிட்டேன். அடுத்த டிஸ்க்கில் மாடிக்காரர்கள் நுழையாதபடி பூட்டும் வழியை உடனே எழுதவும்.

பனமலை ஈஸ்வரன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது பொறுமையும் தரட்டும்.

அன்புள்ள மாமா,
சக்கரபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பிரேம்குமார் லாப்டாப்போடு வந்து நின்றான். "சார், பாப்பாவப் பாக்காம அம்சா தூங்க மாட்டாளுங்க. நெட்டு அடிக்கடி அறுந்துபூடுது, அதான் எல்லாத்தையும் இதுல காப்பி எடுத்துக்கினேன். கேக்காம எடுத்தது தப்புதாங்க. காலி பண்றதுக்கு முன்னாடி அழிச்சிடட்டுமா?" என்றான். "அழிக்காதடா!" என்று நான் போட்ட கத்தலில் தூங்கிய பேத்தி எழுந்துவிட்டாள். முதலடி, பல், என் துண்டு ஆட்டம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. காலி செய்வதற்காக அவன் கட்டிக் கீழே இறக்கி வைத்திருந்த மூட்டைகளை நானே மாடிக்குத் திருப்பிச் சுமந்தேன். அம்சாவுக்கு வளைகாப்பு நம் கூடத்தில்தான். மேலே எழுதியதை மறந்துவிடவும். பூட்டுப் போட்டுத் தருவதாகப் பிரேம்குமாரே சொன்னான், நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.