நவாப் வீட்டு ஃபிரிட்ஜ்

நவாப் காலத்து மாளிகையில் ஃபிரிட்ஜ் இருந்தது தங்கத்துக்கு உறுத்தியது. திறந்து பார்த்தாள். பாதி வெட்டிய சுரைக்காய், ஒரு பால் பாக்கெட். பாக்கெட்டில் இன்றைய தேதி.

"பாஸ்டரம்மா, இது மியூசியம் இல்ல. யாரோ குடியிருக்கிற வீடு."

"அய்யோ, அப்ப நாம எப்படி உள்ள வந்தோம்?"

திருமுல்கேரித் தமிழ்ச் சபையின் மாதர் சங்கத்துக்கு இதுதான் முதல் சுற்றுலா; நவாப் மியூசியம் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். செயலாளர் தங்கம் நாலு மாதம் மன்றாடி பாஸ்டரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். வேன் டிரைவர் பிரசாத், "இதே மேடம், பெத்த பங்களா" என்று தெலுங்கில் அந்தப் பெரிய வீட்டைக் காட்டி, திறந்திருந்த கேட்டுக்குள் எல்லோரையும் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் காலை நீட்டி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போகலாமா சார்?" என்று தங்கம் கேட்டதற்கு, "ஹவ்" என்று உருதுவில் ஆமோதித்து, "தாராளமா போங்க" என்றார்.

அவர்தான் வீட்டுக்காரர் என்பது இப்போதுதான் புரிந்தது. அவர் போலீஸைக் கூப்பிட்டால், சங்கத்துக்கு இதுவே கடைசிச் சுற்றுலாவும் ஆகிவிடும்.

"சத்தமில்லாம எல்லாரையும் கூட்டிட்டுக் கிளம்பிடு" என்றார் பாஸ்டரம்மா.

தங்கம் தோட்டத்துக்கு ஓடினாள். பதினெட்டுப் பெண்கள் தோட்டத்தைச் சுற்றி முடித்திருந்தார்கள். ஒவ்வொரு கைப்பையிலிருந்தும் ஒரு கிளை எட்டிப் பார்த்தது. குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி, ரோஜா. ஹெப்சிபா ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்தாள்.

"இது அடுத்தவங்க வீடு. எடுத்ததையெல்லாம் திருப்பி நட்டுடுங்க!"

"எங்க எடுத்தோம்னு ஞாபகம் இல்லியே அக்கா."

"எங்கயாவது நடுங்க!"

பதினெட்டுப் பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்பூனாலும் டிபன் பாக்ஸ் மூடியாலும் புல்தரையைத் தோண்டினார்கள். ஐந்து நிமிடத்தில் அது கோழி கிளறிய இடம் போல ஆனது. மண் காய்ந்திருக்கிறதே என்று ஹெப்சிபா குழாயைத் திறந்தாள். மூடப் போனபோது பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் வராந்தா வரை பரவியது.

பெரியவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. தங்கம் நேரே அவரிடம் போய்க் கைகூப்பினாள்.

"சார், தெரியாம வந்துட்டோம். செடியெல்லாம் ஒடிச்சிட்டோம், குழாயையும் உடைச்சிட்டோம். எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "செடி ஒடிக்கிறது தப்புதான். ஆனா நம்ம ஜனங்க எங்க போனாலும் அப்படித்தான். விடுங்கம்மா, டென்ஷன் நக்கோ, வேணாம்."

இப்படியும் ஒரு மனுஷரா! தங்கத்துக்குக் கண் கலங்கியது. பாஸ்டரம்மாவுக்கென்று தனியாக எடுத்துவந்த மட்டன் பிரியாணியை அவரிடம் நீட்டினாள். அவர் மறுக்கவில்லை. பாஸ்டரம்மா பார்த்துக்கொண்டே நின்றார். தயிர்ப் பச்சடி இருக்கிறதா என்று கேட்டார் பெரியவர். அதையும் கொடுத்தார்கள்.

அவர் கை கழுவியதும், எல்லோரும் சுற்றி நின்று தலை குனிந்தார்கள். பாஸ்டரம்மா ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்த வீட்டையும், எங்க குற்றங்களைப் பொறுத்துக்கிட்ட இந்த வீட்டுக்காரரையும் ஆசீர்வதியும்."

"ஆமென்" என்று கூட்டத்தோடு சேர்ந்து சொன்ன பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"வீட்டுக்காரரா, யாரும்மா அது? டிக்கெட் கவுண்டர் திறக்கட்டும்னு நான் காலைல ஒன்பது மணிலேர்ந்து உக்காந்திருக்கேன்."